மஞ்சத்தூளும் ஆறாம் நம்பர் அத்தையும்

பருப்பு கிலோ 65 ரூவா, டின் மீன் 100 ரூவா, இனிமே இது தான் வெலைன்னு 2020 மார்ச் 17ந் தேதி டிவில சொன்னப்ப நான் கொழும்புல போர்டிங்ல புள்ளைங்களோட உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன், எல்லாருக்கும் ஒரே சந்தோசம், மறுநா காலையிலயே ஆளுக்கொரு பேக்க தூக்கிக்கிட்டு போனா கடைக்காரங்க எல்லாம் சொல்லி வச்ச மாதிரி கைய விரிச்சிட்டாங்க. பருப்பு இல்ல. டின் மீன் இல்ல. நேத்து வரைக்கும் அடுக்கி வச்சிருந்த டின்னெல்லாம் ஒரே ராத்திரியில எங்க நடந்து போச்சோ தெரியல. கடைசியா புறக்கோட்டையில ஒரு சந்துக்குள்ள கேட்ட வெலைய குடுத்து ரெண்டு கிலோ பருப்பும், அம்மா போன்ல சொல்லியிருந்துச்சேன்னு கால் கிலோ மஞ்சத்தூளும் வாங்கிக்கிட்டேன். அந்த மஞ்சத்தூள ஞாபகம் வச்சுக்கங்க, பொறகு வருது.

19ந் தேதி ஹட்டன் பஸ்ல நின்னுக்கிட்டே வந்து, அங்கருந்து பொகவந்தலாவ பஸ், அப்புறம் ஆட்டோ. மறுநா வெள்ளிக்கெழம சாயங்காலம் 6 மணிக்கு கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு போட்டுட்டாங்க. ஒரு நாள் பிந்தியிருந்தா அந்த போர்டிங்லயே பிஸ்கட் தின்னுக்கிட்டு கெடந்திருப்பேன். (நான் வேலை செஞ்ச கடையில ஏப்ரல் சம்பளம் தரவே இல்ல. எந்த கடைன்னு சொல்லல, விடுங்க.)

எங்க லயத்த, அதான் தேயில தோட்டத்துல வேலை செய்யிறவங்க இருக்குற வரிசை வீட்ட பத்தி கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி மிச்சம் வெளங்காது. பன்னெண்டு காம்பரா, அதான் ரூமு, ஒரே வரிசையா. எங்க வீடு ஏழாம் நம்பர். பக்கத்துல ஆறாம் நம்பர் அத்த வீடு. சொந்த அத்த இல்ல, அம்மாவும் அதுவும் கல்யாணமாகி வந்த நாள்லருந்து ஒருத்தர ஒருத்தர் மதினி மதினின்னு கூப்புட்டு எனக்கும் தம்பிக்கும் அத்தயாயிடுச்சு. நடு செவரு கூர வரைக்கும் போகாது, இங்க அம்மா இருமுனா அங்கருந்து "மல்லித்தண்ணி வச்சு குடிங்க மதினி"ன்னு சத்தம் வரும். வாசலுக்கு முன்னால ஒரு கான், அதான் தண்ணி ஓடுற வாய்க்கா, பன்னெண்டாம் நம்பர்லருந்து ஒன்னாம் நம்பர் வரைக்கும் எறக்கமா ஓடும், பல்லு வெளக்குறது, சட்டி கழுவுறது, அரிசி களையிறது எல்லாம் அதுல தான். பைப்பு ரெண்டு, கக்கூஸ் நாலு வீட்டுக்கு ஒன்னு. ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கன்னு டிவில சொல்றப்பெல்லாம் தம்பி பாயில உருண்டு செவரு ஓரமா போய் ஒட்டிக்கிட்டு "நான் தள்ளிட்டேன்"ம்பான். பத்தடிக்கு பன்னெண்டடி ரூம்ல வேற எங்க தள்ளுறது.

நான் வந்த மூனாம் நாளு பிஎச்ஐ ஐயா, அதான் சுகாதார பரிசோதகர், வந்து கதவுல தாள் ஒட்டிட்டு போயிட்டாரு. கொழும்புலருந்து வந்தவங்க பதினாலு நாளைக்கு வெளிய வரக்கூடாது. அம்மாவுக்கும் தோட்டத்துல பேர், அதான் நாள் வேலை, இல்ல, தம்பி பந்து வெளையாட போகக்கூடாது. தாள் ஒட்டுன கதவுன்னா என்னான்னு அப்ப யாருக்கும் சரியா தெரியாது, பயம் மட்டும் தெரியும். சின்ன புள்ளைங்க எங்க வாசல தாண்டும்போது மூக்க பொத்திக்கிட்டு ஓடுச்சுங்க. பொறந்து வளந்த லயத்துலயே, நான் தூக்கி வளத்த புள்ளைங்களே அப்புடி ஓடுனது இன்னிக்கும் ஒரு மாதிரியா தான் இருக்கு. கக்கூசுக்கு விடிய நாலு மணிக்கு போயிட்டு வந்துருவேன், வந்து பொறகு வாளி வாளியா தண்ணி ஊத்தி டெட்டோல் போட்டு கழுவி விட்டா தான் மத்தவங்க போவாங்க. அது ஞாயம் தான், நான் கொறை சொல்லல.

ஆனா சாப்பாடு நிக்கல பாருங்க. காலையில கதவ தொறந்தா வாசப்படியில ஒரு தட்டு, மேல இன்னொரு தட்டு கவுத்தி. உள்ள ரெண்டு ரொட்டி, கட்டச்சம்பல். ஆறாம் நம்பர் அத்த வேலைக்கு போறதுக்கு முந்தி வச்சிட்டு போறது. ஊரடங்குன்னாலும் தோட்டத்துல வேலை நிக்கலையே, கொழுந்து என்னா ஊரடங்கு பாத்தா வளருது, நாடே வீட்டுக்குள்ள இருந்தப்ப எங்க பொம்பளைங்க முந்தானைய வாயில கட்டிக்கிட்டு மலைக்கு போனாங்க, அதுவும் அப்ப நாள் சம்பளம் அடிப்படை 700 ரூவா தான், நாங்க கேட்டுக்கிட்டு இருந்த அந்த 1000 ரூவா 2021 மார்ச்சுல தான் வந்துச்சு. அப்புடி போற அவசரத்துலயும் அத்த விடிய மூனு மணிக்கு எந்திரிச்சு அவங்க வீட்டு அஞ்சு பேருக்கும் எங்க வீட்டு மூனு பேருக்கும் ரொட்டி சுட்டுச்சு. செவருக்கு மேல அந்த ரொட்டி தட்டுற சத்தம் கேக்கும், நான் பாயில படுத்துக்கிட்டே எண்ணுவேன், பதிமூனு, பதினாலு. தட்ட வச்சிட்டு கதவ தட்டாது, "ஏ கொழும்புக்காரி, நாய் வந்துரும் எடுத்துக்கோ"ன்னு ஒரு சத்தம் மட்டும்.

கோதும மா எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா அது நானா கடை கதை. டவுன்ல முஸ்லிம் கடைக்காரர் ஒருத்தர், நாங்க நானான்னு கூப்புடுவோம், எங்க தாத்தா காலத்துலருந்து அவங்க வாப்பா கடையில தான் எங்களுக்கு கடன் கணக்கு கொப்பி. ஊரடங்கு எடுக்குற நாள்ல டவுனுக்கு போனா ஒரு கிலோமீட்டருக்கு வரிசை, அதனால அவரே சின்ன லொறியில சாமான ஏத்திக்கிட்டு பாஸ் எடுத்து தோட்டத்துக்கு வர ஆரம்பிச்சாரு. லயத்துக்கு ஒரு லிஸ்ட் வாட்ஸ்அப்ல அனுப்பணும், எங்க லயத்துக்கு லிஸ்ட் எழுதுற வேலை எனக்கு, ஏன்னா பதினாலு நாள் எனக்கு வேற வேலையே இல்ல. செவருக்கு மேல சத்தமா சொல்லுவாங்க, நான் எழுதுவேன். யார் வீட்டுல எவ்வளவு இருக்கு, யார் வீட்டுல ஒன்னுமே இல்லன்னு அந்த லிஸ்ட்ல தெரிஞ்ச மாதிரி வேற எப்பவும் எனக்கு தெரிஞ்சதில்ல. ஒன்பதாம் நம்பர்ல நாலு நாளா மா மட்டும் சொன்னாங்க, பருப்பு சொல்லல, சீனி சொல்லல. அத நான் எழுதுறப்ப நானாவுக்கு தனியா ஒரு வொய்ஸ் போட்டேன். அவரு ஒன்னும் பேசல, அடுத்த லொறியில ஒன்பதாம் நம்பருக்கு ஒரு கிலோ பருப்பு தனி பொதியா வந்துச்சு, கொப்பியில ஏறல.

அதே நேரம் அந்த வாட்ஸ்அப்லயே நானா ஆளுங்க, முஸ்லிம்களை பத்தி என்னென்னமோ வந்துக்கிட்டு இருந்துச்சு, அவங்க கடையில வாங்காதீங்கன்னு கூட. எங்க லயத்துலயும் ஒரு அண்ணன் அத ஃபோவர்ட் பண்ணுனாரு. பண்ணிட்டு அடுத்த நாள் லொறி வந்தப்ப முதல்ல போய் நின்னவரும் அவரு தான். நோன்பு மாசத்துல நானா ஒரு பெரிய கேன்ல கஞ்சி குடுத்து விட்டாரு, அந்த அண்ணன் ரெண்டு கோப்ப குடிச்சாரு, நான் எண்ணுனேன்.

மரக்கறிக்கு மட்டும் எங்களுக்கு பஞ்சமே இல்ல, அது வேற கூத்து. கந்தப்பளையில எங்க மாமா லீக்ஸ் போட்டிருந்தாரு. வெட்டுற நேரம் பாத்து லொறி ஓடல, மார்க்கட் இல்ல, வாங்க ஆளில்ல. மண்ணுலயே அழுக விடுறதுக்கு சும்மாவாவது குடுப்போம்னு ஏதோ பாஸ் கெடச்ச லொறியில ஏத்தி நாலு மூட்ட அனுப்பிட்டாரு. நாலு மூட்ட லீக்ஸ்! லயம் முழுக்க ரெண்டு வாரத்துக்கு லீக்ஸ். லீக்ஸ் சுண்டல், லீக்ஸ் சம்பல், ரொட்டிக்குள்ள லீக்ஸ், பருப்பு இருந்தா பருப்புல லீக்ஸ், இல்லாட்டி லீக்ஸ்ல லீக்ஸ். அத்த மகள் பாப்பாவுக்கு அப்ப பன்னெண்டு வயசு, "அம்மா நானே லீக்ஸ் மாதிரி மணக்குறேன்"னு அழுதுச்சு. கொழும்புல அதே நேரம் மரக்கறி கெடைக்காம கூட்டாளிங்க போன்ல பொலம்புனாங்க. நான் போட்டோ எடுத்து அனுப்புனேன், அது கொஞ்சம் கெட்ட குணம் தான்.

தேங்கா தான் கஷ்டம். மலையில தேங்கா ஏது, கீழருந்து வந்தா தான். ஒரு தேங்காய ரெண்டு வீடு பங்கு. அம்மா ஒடச்சு ஒரு மூடிய வச்சுக்கிட்டு ஒரு மூடிய செவருக்கு மேலயே நீட்டும், ஸ்டூல் போட்டு ஏறி. அத்த அந்த பக்கம் ஸ்டூல் போட்டு வாங்கும். வாசல் வழியா போனா என்னான்னு கேட்டா, தாள் ஒட்டுன வீடாச்சே, பிஎச்ஐ கண்டா ஏசுவாருன்னு பதில். செவருக்கு மேல போனா கொரோனாவுக்கு தெரியாதாம்.

இங்க அம்மாவ பத்தி ஒன்னு சொல்லணும், அம்மா படிச்சா ஏசும், ஆனா படிக்காது. கைமாத்து விசயத்துல அம்மா ரொம்ப கணக்கு. டின்பால் டின் தான் எங்க சுண்டு. யாராவது ஒரு சுண்டு சீனி கேட்டா அம்மா போட்டு, உள்ளங்கையால மேல ஒரு தட்டு தட்டி, தலதட்டி தான் குடுக்கும். திருப்பி தரும்போதும் தலதட்டி. ஒரு பருக்க கூடாது, ஒரு பருக்க கொறையாது. அத்த அப்புடி இல்ல, வாங்குனது தலதட்டியா இருந்தாலும் திருப்பி தரும்போது கோபுரம் மாதிரி குமிச்சு கொண்டாந்து வைக்கும், நடந்து வாறப்ப ரெண்டு மணி சிந்தும். "உங்க அத்தைக்கு அளக்க தெரியாது"ன்னு அம்மா சொல்லும். அப்பா செத்தப்பொறகு ரெண்டு புள்ளைய அந்த சம்பளத்துல வளத்த கை அது, நான் அத ஒரு நாளும் கருமின்னு நெனைக்கல.

5000 ரூவா நிவாரணம் வந்துச்சு ஏப்ரல்ல, எங்க லயத்துல சில வீட்டுக்கு கெடச்சுது, சில வீட்டுக்கு பேரே இல்லன்னுட்டாங்க, எங்களுக்கும் இல்ல. அத்தைக்கு கெடச்சுது. அன்னிக்கு அத்த எங்க வீட்டுக்கும் சேத்து கருவாடு வாங்குச்சு. அம்மா அத கொப்பியில எழுதி வச்சு தீபாவளி முற்பணம் வந்ததும் கருவாட்டு காச கொண்டு போய் குடுத்துச்சு, அத்த வாங்கல, ரெண்டு பேருக்கும் கானுக்கு அந்த பக்கமும் இந்த பக்கமும் நின்னு சண்ட.

இப்ப மஞ்சத்தூள்.

மஞ்சளுக்கு 2019 கடைசியிலருந்தே எறக்குமதி கட்டுப்பாடு, நாட்டுலயே பயிர் செய்யுங்கன்னு. செய்யலாம் தான், ஆனா அது வெளஞ்சு வர மாசக்கணக்குல ஆகுமே, அதுக்குள்ள கொரோனா வந்து ஊரே வாசல்ல மஞ்சத்தண்ணி தெளிக்க, வெல எங்கயோ போயிடுச்சு. 2020 கடைசியில நானா கடையில 50 கிராம் 250 ரூவா, அதுவும் எப்பவாவது தான். மன்னார் பக்கம் இந்தியாவுலருந்து படகுல கடத்தி வந்த மஞ்சள் மூட்டைய நேவி புடிச்சதுன்னு நியூஸ்ல காட்டுவாங்க, கஞ்சா மாதிரி அடுக்கி வச்சு. மாவு கலந்து வித்தவங்களையும் புடிச்சாங்க. அம்மா ஒரு தடவ ஆசைப்பட்டு ஒரு கெழங்க வாங்கி வீட்டுக்கு பின்னால நட்டுச்சு, எங்க குளிருக்கு ரெண்டு எல விட்டுட்டு அப்புடியே நின்னுக்கிச்சு.

நான் கொண்டாந்த கால் கிலோவ அம்மா பால்மா டின்ல போட்டு, சாமி படத்துக்கு பின்னால வச்சிருந்துச்சு. அதுல வெள்ளிக்கெழமைக்கு ஒரு சிட்டிக, யாருக்காவது தொண்ட நொந்தா சுடுதண்ணியில ஒரு சிட்டிக. அம்மாவுக்கு மூச்செளப்பு இருக்கு. எளப்புக்காரங்களுக்கு கொரோனா வந்தா தப்ப மாட்டாங்கன்னு யாரோ சொல்லி, மஞ்சள் இருந்தா வராதுன்னும் யாரோ சொல்லி, அம்மா அந்த டின்ன மருந்து மாதிரி பாத்துக்கிச்சு. சிரிக்காதீங்க, அந்த டிசம்பர்ல கேகாலையில ஒருத்தர் கொரோனாவுக்கு மருந்துன்னு பாணி, அதான் சிரப், குடுக்குறாருன்னு ஆயிரக்கணக்குல போய் நின்ன நாடு தானே இது. வேப்பிலையும் எங்க பக்கம் கெடையாது. மஞ்சள் ஒன்னு தான் கையில இருந்துச்சு.

தீபாவளிக்கு ஒரு வாரம் முந்தி பாப்பா பெரிய மனுசி ஆயிடுச்சு. ரெண்டாவது அல வந்த நேரம், கூட்டம் கூடாது, மண்டபம் இல்ல, மாமன்காரரு கொழும்புல மாட்டிக்கிட்டாரு. அத்த வாசல் ஓரத்துல படங்கு கட்டி குச்சு மாதிரி செஞ்சு புள்ளைய உள்ள வச்சுச்சு. நான் போய் வெளிய நின்னு "என்ன பாப்பா உனக்கும் தாள் ஒட்டியாச்சா"ன்னு கேட்டேன், உள்ளருந்து சிரிச்சுச்சு. தண்ணி ஊத்துற அன்னிக்கு முந்துன நா சாயங்காலம் அத்த எங்க வீட்டுக்கு வந்துச்சு, சுண்ட எடுத்துட்டு வரல, ஒரு சின்ன கிண்ணம் தான். "மதினி, கொஞ்சம் மஞ்ச இருந்தா."

அம்மா சாமி படத்த பாக்கவே இல்ல. "ஐயோ மதினி, அது எப்பவோ தீந்துருச்சே"ன்னுச்சு.

நான் அடுப்புக்கிட்ட மெலாற, அதான் காஞ்ச தேயில குச்சிய, ஒடச்சு வச்சுக்கிட்டு இருந்தேன். அது நான் வாங்குன மஞ்சள். அதுல ஒரு கைப்புடி அளவு மிச்சம் இருந்தது எனக்கு தெரியும். நான் வாய தொறக்கல. அம்மாவ விட்டு குடுக்க கூடாதுன்னு நெனச்சேன்னு இவ்வளவு நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன், உண்மைய சொன்னா எனக்கும் பயம் தான். ராத்திரி அம்மா மூச்சு விடுற சத்தம் பக்கத்துல படுக்குற எனக்கு தான தெரியும்.

அத்த "பரவால்ல"ன்னு கிண்ணத்த எடுத்துக்கிட்டு போயிடுச்சு. லயம் முழுக்க போய், ஒரு வீட்டுல கால் கரண்டி, ஒரு வீட்டுல காஞ்ச கெழங்கு துண்டு ஒன்னு, இப்புடி சேத்துக்கிச்சு. மறுநா பாப்பாவுக்கு ஊத்துன தண்ணிய நான் பாத்தேன். பிளேன்டீயில பால் தவறி விழுந்த மாதிரி ஒரு நெறம். மஞ்சள்னு சொன்னா மஞ்சள். தாய்மாமன் வீடியோ கோல்ல பாத்துக்கிட்டு இருந்தாரு, போன என் கையில தான் புடிச்சிருந்தேன், கை ஆடுதுன்னு அவரு ஏசுனாரு.

அன்னிக்கு ராத்திரி அம்மா பருப்புக்கு வழக்கத்த விட கூடுதலா மஞ்சள் போட்டுச்சு. அடுத்த நாளும். அந்த வாரத்துலயே டின் காலி. ஏன்னு நான் கேக்கல. அதுக்கு பொறகு அம்மா சொன்ன பொய் உண்மையாயிடுச்சு இல்லையா.

2021ல நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரிஞ்சது தான், வேகமா சொல்லிடுறேன். தம்பி முந்துன டிசம்பர்ல எழுத வேண்டிய ஓஎல் பரீட்சை மார்ச்சுக்கு தள்ளிப்போச்சு. என் போன் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்ட் லயத்துக்கே தெரியும், ஆனா சிக்னல் தண்ணி டாங்கி இருக்குற மேட்டுல தான், மழையில ஒரு படங்குக்கு கீழ ஏழு புள்ளைங்க ஒரே போன்ல பாடம் பாத்துச்சுங்க. மே மாசம் ஐடி நம்பர் சட்டம் வந்துச்சு, கடைசி எண்ணு ஒத்தப்படைன்னா ஒத்தப்பட தேதியில வெளிய போகலாம், ரெட்டப்படைன்னா ரெட்டப்பட தேதி. எங்க வீட்டுல எல்லாம் ஒத்த, அத்த வீட்டுல எல்லாம் ரெட்ட, அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரெண்டு வீட்டு சாமானும் ஒரு ஆளு. இது மட்டும் யாரோ எங்களுக்குன்னே போட்ட சட்டம் மாதிரி இருந்துச்சு.

அப்புறம் ஆகஸ்ட் 20லருந்து அக்டோபர் 1 வரைக்கும் திரும்பவும் ஊரடங்கு, அந்த நேரம் சீனி. 200 ரூவாய தாண்டிடுச்சு, செப்டம்பர்ல கட்டுப்பாட்டு வெல 122 ரூவான்னு போட்டாங்க, போட்டதும் பழைய பருப்பு கதை தான், சீனிய காணோம். பால்மாவையும் காணோம். நானா லொறியில ஒரு நாள் வீட்டுக்கு ஒரு கிலோ மட்டும்னு கொண்டாந்தாரு. அன்னிக்கு அத்த பாப்பாவ கூட்டிக்கிட்டு கிளினிக் போயிருந்துச்சு, லொறி போயிடுச்சு.

சாயங்காலம் அம்மா சட்டி கழுவ கானுக்கிட்ட உக்காந்திருந்துச்சு, அத்த அந்த பக்கம் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அம்மா எந்திரிச்சு உள்ள போய் சுண்டுல சீனி போட்டு எடுத்துட்டு வந்துச்சு. நான் வாசல்ல நின்னு பாத்தேன், அம்மா கையால தட்டல. கோபுரமா குமிச்சிருந்துச்சு.

"என்ன மதினி, தட்ட மறந்துட்டீங்களா?"ன்னு அத்த கேட்டுச்சு.

அம்மா திரும்ப குந்திக்கிட்டு சட்டிய போட்டு தேச்சுச்சு. அப்புறம் தல நிமிராமலே, "பாப்பா சடங்குக்கு மஞ்ச கேட்டீங்களே மதினி, அன்னிக்கு வீட்டுல இருந்துச்சு"ன்னுச்சு.

"தெரியும்."

"யாரு சொன்னா?" அம்மா என்னைய தான் பாத்துச்சு. நான் இல்லன்னு தலைய ஆட்டுனேன்.

அத்த கையில அரிசியோட கான பாத்து மொகத்த காட்டுச்சு. "உங்க சட்டி கழுவுற தண்ணி எங்க வாசல தாண்டி தான போகணும். அந்த ஒரு வாரம் லயம் முழுக்க வெள்ள பருப்பு, உங்க வீட்டு தண்ணி மட்டும் மஞ்சளா வந்துச்சு."

அம்மா தேக்குறத நிறுத்திட்டு அப்புடியே இருந்துச்சு. அத்த அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்திட்டு, சீனிய ஒரு போத்தல்ல கொட்டி, சுண்ட அந்த பைப்புலயே கழுவி கவுத்தி வச்சுட்டு, "அடுத்த லொறியில மா வருதான்னு நானாக்கிட்ட கேளு, ரெண்டு வீட்டுக்கும் சேத்து போடு"ன்னு என்னைய பாத்து சொல்லுச்சு. நான் போன எடுத்துக்கிட்டு தண்ணி டாங்கி மேட்டுக்கு ஏறுனேன், கீழ சிக்னல் இல்ல.